இனாம் நூலும் மதிப்புரையும்

சென்ற மாதம் ஒருநாள் மாலை, கல்லூரியிலிருந்து வந்து, சால்வையைக் கொடியிற் போட்டுவிட்டுச் சாய்மனைக் கதிரையில் ஆறியிருந்தேன். தபாற்காரர் ஒரு பொதியைக் கொண்டுவந்து தந்தார். அவிழ்த்துப் பார்த்தேன். அச்சு மையின் மணம் மாறாத புத்தம்புதிய நூல் ஒன்று. பழைய சிற்றிலக்கியம் ஒன்றுக்கு எழுதிய புத்துரை. எழுதியவர் ஒரு காலத்தில் என்னிடம் படித்தவர். இப்போது தாமும் ஆசிரியராய் இருப்பவர். முதலேட்டில், "என் நன்றிக்கு என்றும் உரிய பண்டிதர் ஐயா அவர்களுக்கு" என்று எழுதிக் கையொப்பமிட்டிருந்தார். அதைக் கண்டதும் உள்ளம் குளிர்ந்தது. வாத்தியார் வேலை பார்ப்பவனுக்கு இதனினும் பெரிய சம்பளம் வேறு யாது?

நூலினிடையே மடித்து வைத்த கடிதம் ஒன்று இருந்தது. அதன் சாரம் இது: நூலை வாசித்துப் பிடித்திருந்தால் பத்திரிகையில் ஒரு மதிப்புரை எழுதி உதவ வேண்டும். குறை ஏதேனும் கண்டால் அதனைத் தமக்கு மாத்திரம் எழுத வேண்டும். வெளியில் எழுத வேண்டாம்.

இந்த வேண்டுகோள் எனக்குப் புதிதன்று. ஆண்டுதோறும் நாலைந்து நூல்களாவது இப்படி என் வாயிலுக்கு வருகின்றன. சிலர் கடிதத்தில் எழுதுவர். சிலர் நூலைக் கையிலே தந்து, "ஐயா பார்த்துச் செய்யுங்கோ" என்று மெல்லச் சிரித்துவிட்டுப் போவர். சிலர் ஒன்றுஞ் சொல்லார். ஆயின் அவர் நிற்கும் நிலையே சொல்லிவிடும். எவ்வழியாயினும் பொருள் ஒன்றே. நூல் இனாம், ஆதலால் நல்ல சொல் மட்டும் வரட்டும், மற்றது வாயை விட்டு வெளியே வராதிருக்கட்டும்.

நூலை இரண்டு நாளில் வாசித்து முடித்தேன். நல்ல பகுதிகள் பல இருந்தன. பிழைகளும் இருந்தன, சில சிறியவை, சில சிறியவை அல்ல. பின்பு ஒரு கிழமையாக அந்நூல் என் மேசையிற் கிடந்தது. அதைக் காணும்போதெல்லாம் ஒரு கேள்வி எழுந்தது. இனாமாக நூல் பெற்றவன் அதற்கு ஈடாகத் தன் நாவைக் கொடுத்துவிட்டானா?

எழுத்தாளர் படும் பாடு

வேண்டுகோளை விடுத்தவரைக் குறை சொல்ல நான் விரைய மாட்டேன். நம் நாட்டில் தமிழில் ஒரு நூலை வெளியிடுதல் எத்தகைய காரியம் என்பதை நான் அறிவேன். எழுதுபவர் பெரும்பாலும் ஆசிரியர் அல்லது எழுதுவினைஞர். அவரே எழுதி, அவரே படி பார்த்து, அவரே அச்சகத்துக்கு அலைந்து, அவரே பணமுங் கட்டுகிறார். மனைவியின் காப்பு அடகுக்குப் போன கதையும் உண்டு. முந்நூறோ ஐந்நூறோ பிரதிகள் அச்சாகும். அவற்றை மூட்டையாகக் கட்டி வீட்டு மூலையில் அடுக்குவர். மழைக்காலத்தில் கறையான் அரிக்கிறதா என்று பார்ப்பதும் அவர் வேலைதான்.

பின்னர் வெளியீட்டு விழா. வரவேற்புரை, வாழ்த்துரை, வெளியீட்டுரை, நயவுரை, ஆய்வுரை, ஏற்புரை என உரைகள் வரிசையாக நடக்கும். முதற்பிரதியை ஊர்ப் பெரியவர் ஒருவர் பெற்றுக்கொள்வார். சிறப்புப் பிரதிகளுக்காகப் பெயர்கள் அழைக்கப்படும். அன்று சேரும் பணத்தில் அச்சகக் கடன் ஓரளவு தீரும். அதன்பின் விற்பனை என்று சொல்லத்தக்கது மிகவும் சிறிது. நூலகங்களும் பாடசாலைகளும் சில வாங்கினால் உண்டு. அவை வாங்குவதற்குப் பத்திரிகையில் வரும் நாலு வரிகள் உதவும். அதே நாலு வரிகள் வாங்காமலும் செய்துவிடும்.

இந்நிலையில் உள்ளவர், "குறையை வெளியிற் சொல்லாதீர்கள்" என்று கேட்பது பேராசையன்று, அச்சம். நெல்லை விதைத்தவன் வானத்தைப் பார்த்துக் கைகூப்புவது போன்றது. அந்த அச்சத்தை மதிக்க வேண்டும். அதன்பின்தான் வேண்டுகோள் தக்கதா என ஆராய வேண்டும்.

அதங்கோட்டாசான் கேட்டார்

பழங்காலத்திற் பத்திரிகை இல்லை, மதிப்புரையும் இல்லை. ஆயினும் நூலைப் பற்றிப் பிறர் பேசும் இடங்கள் இரண்டு இருந்தன. ஒன்று சிறப்புப்பாயிரம், மற்றொன்று அரங்கேற்றம்.

எத்துணைப் பெரிய நூலைச் செய்தவனாயினும் தன்னைத் தானே புகழ்தல் தகுதியன்று என்பது நன்னூலார் கொள்கை. ஆகவே நூலின் சிறப்பை வேறொருவர் சொல்ல வேண்டியதாயிற்று. யார் சொல்லலாம் என்பதையும் பவணந்தியார் வரையறுத்தார். நூல் செய்தவனின் ஆசிரியன், அவனோடு ஒருங்கு கற்றவன், அவன் மாணாக்கன், அந்நூலுக்கு உரை செய்தவன் என அவர் நால்வர். கவனித்துப் பார்த்தால் நால்வரும் அவனுக்கு வேண்டியவர்கள். இக்காலத்து அணிந்துரை அந்தப் பாயிரத்தின் வழித்தோன்றல். அது வீட்டார் சொல்லும் சொல். கலியாண வீட்டிலே பெண்ணின் தாய்மாமன் பேசுவது போன்றது. அங்கே குற்றத்தை யாரும் எதிர்பார்ப்பதில்லை. எதிர்பாராதபடியால் யாரும் ஏமாறுவதும் இல்லை.

அரங்கேற்றம் வேறு. அது அவையின் நடுவே நிகழ்வது. தொல்காப்பியம் நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையத்தில் அரங்கேறியது என்றும், அதனைக் கேட்டவர் அதங்கோட்டாசிரியர் என்றும் பனம்பாரனார் பாயிரம் கூறுகின்றது. அவ்விடத்தில் உச்சிமேற் புலவர் நச்சினார்க்கினியர் ஒரு கதை சொல்கிறார். அகத்தியனார் தம் மாணாக்கராகிய தொல்காப்பியனார்மீது சினங்கொண்டு, "அவன் செய்த நூலை நீ கேளாதே" என்று அதங்கோட்டாசிரியரைத் தடுத்தாராம். தொல்காப்பியனாரோ கேட்கும்படி பலகாலும் வேண்டினாராம். இருவர் சொல்லையும் தட்ட முடியாத ஆசிரியர் ஒரு வழி கண்டார். கேட்போம், கேட்கும் இடமெல்லாம் குற்றம் கூறுவோம் என்பதே அவ்வழி. அவ்வாறே அவர் குற்றங் கூறிக்கொண்டே போக, தொல்காப்பியனார் எல்லாவற்றுக்கும் விடை கூறிக்கொண்டே போனாராம்.

கதை மெய்யோ புனைவோ, நம் முன்னோர் நூலாசிரியன் ஒருவனை எவ்வாறு மனத்திற் கண்டனர் என்பதை அது காட்டுகின்றது. தொல்காப்பியனாரும் ஒரு வேண்டுகோள் விடுத்தார். "கேளுங்கள்" என்பதே அவ்வேண்டுகோள். "கேட்டுக் குறை சொல்லாதிருங்கள்" என்று அவர் வேண்டினார் அல்லர். அதங்கோட்டாசிரியரின் குற்றச்சாட்டுகளே அந்நூலின் வலிமைக்குச் சான்றாயின. அவர் தலையசைத்துவிட்டு எழுந்து போயிருந்தால், பாயிரத்தில் அவர் பெயருக்கு என்ன வேலை?

மதிப்புரை இந்த அரங்கேற்றத்தின் வழியில் வந்தது. அது ஊரார் சொல். அணிந்துரைகாரரிடம் "நல்லதையே சொல்லுங்கள்" என்று கேட்பது முறையே. மதிப்புரைகாரரிடம் அதையே கேட்டால், ஊரார் வாயில் வீட்டார் சொல்லை வைத்தல் ஆகும். படிப்பவன் அதை ஊரார் சொல்லென்றே நம்புவான்.

குற்றங் காட்டுதல் பண்பாட்டுக்கு ஒவ்வாதது என்று நினைப்பவரும் உளர். நன்னூலார் நூலுக்குரிய எழுவகை மதங்களைக் கூறும்போது, பிறர் நூலிலுள்ள குற்றத்தைக் காட்டுதலையும் அவற்றுள் ஒன்றாக வைத்தார். நூற்குற்றங்கள் பத்தெனவும் எண்ணித் தந்தார். எண்ணித் தந்தது எதற்காக? காணும்போது இன்னதெனப் பெயர் சொல்லிக் காட்டுவதற்காக அன்றோ?

மறுபுறமும் உண்டு. பிழைபடப் பாடுவோரைப் பிள்ளைப்பாண்டியன் தலையிற் குட்டுவான், வில்லிபுத்தூரார் காதை அறுப்பார், ஒட்டக்கூத்தர் தலையையே வாங்குவார் எனக் கதைகள் வழங்குகின்றன. இவற்றை மாணவர்க்குச் சிரித்துக்கொண்டே சொல்கிறோம். குற்றங் காண்பது சிலருக்குக் கொலைத்தொழில் போல ஆகிவிட்டதை அறிந்துதான் இக்கதைகளை யாரோ கட்டினர். இக்காலத்திலும் எழுதுகோலால் காதறுப்போர் இல்லாமற் போகவில்லை. எழுத்தாளரின் அச்சத்துக்கு அவர்களும் ஒரு காரணம்.

பசுவும் காசும்

இனி என் குற்றத்தைச் சொல்ல வேண்டும். இதுவரை அதை நான் எழுதியதில்லை.

2005 ஆம் ஆண்டில் என்னோடு பழகிய ஆசிரியர் ஒருவர் மாணவர்க்கென இலக்கணத் துணைநூல் ஒன்று எழுதினார். வெளியீட்டுக்கு ஒரு கிழமை இருக்கையில் தாமே பிரதியைக் கொண்டுவந்து தந்தார். அன்றிரவே வாசித்தேன். நடை எளிமையாயிருந்தது; எடுத்துக்காட்டுகள் ஊர் வழக்கிலிருந்து எடுத்தவை; பிள்ளைகள் விரும்பிப் படிப்பர் என்று மகிழ்ந்தேன். குற்றியலுகரப் பகுதிக்கு வந்தபோது கை நின்றது. "காசு" என்ற சொல்லுக்குப் பக்கத்தில் "பசு" என்ற சொல்லையும் குற்றியலுகரமாகக் காட்டியிருந்தார். அதனோடு நில்லாமல், அதே பிழையின்மேல் இரண்டு மூன்று பக்கங்களுக்குப் பயிற்சிகளும் அமைத்திருந்தார்.

இலக்கணம் கற்றவர்க்கு இது தெரிந்ததே. தனிக்குற்றெழுத்தை அடுத்து வரும் உகரம் குறுகுவதில்லை. ஆகவே "பசு" என்பதன் ஈறு முற்றியலுகரம். "காசு" என்பதில் நெட்டெழுத்தை அடுத்து வருவதால் அது குறுகும். காதே இதற்குச் சாட்சி. காசு இல்லை என்பதைச் சேர்த்துச் சொன்னால் "காசில்லை" என உகரம் ஓடிவிடும். பசு இல்லை என்பதைச் சேர்த்தால் "பசுவில்லை" என உகரம் அசையாது நிற்கும். உடம்படுமெய்தான் வந்து சேரும்.

மறுநாள் நண்பரிடம் போய்ச் சொல்லலாமென்று புறப்பட்டேன். அவர் வீட்டில் விழா அழைப்பிதழ்களுக்கு முகவரி எழுதிக்கொண்டிருந்தார்கள். நான் வாய் திறக்குமுன் அவர் என் கையைப் பற்றிக்கொண்டார்.

"பண்டிதர், நயவுரை உங்கட. பேப்பரிலையும் நாலு வரி எழுதிவிடுங்கோ. ஏதும் பிழை கிழை இருந்தா அதைப் பிறகு பார்ப்பம். இப்ப நல்லதை மட்டும் சொல்லுங்கோ."

நான் சொல்லவில்லை. விழாவில் நயந்து பேசினேன், பத்திரிகைக்கும் எழுதினேன். பொய் எழுதவில்லை. நடை எளிமையானது, எடுத்துக்காட்டுகள் இனியவை, மாணவர் கையில் இருக்க வேண்டிய நூல் என்று எழுதினேன். குற்றியலுகரம் என்ற சொல்லே என் மதிப்புரையில் வரவில்லை. ஒவ்வொரு வாக்கியமும் உண்மை, மொத்தம் உண்மையன்று.

அடுத்த தவணைப் பரீட்சையில், என் பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் விடைத்தாளில் "பசு" குற்றியலுகரமாயிருந்தது. சிவப்பு மையாற் கோடிட்டேன். அவள் விடைத்தாளையும் அந்த நூலையும் எடுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தாள்.

"ஐயா, இதிலை இப்பிடித்தானே கிடக்குது. நீங்கள்தானே பேப்பரிலை நல்ல புத்தகம் எண்டு எழுதினியள்."

அவள் தகப்பனார் சந்தையில் மரக்கறி விற்பவர். பத்திரிகையில் என் பெயரைக் கண்டு, "உங்கட வாத்தியாரே சொல்லியிருக்கிறார்" என்று அந்நூலை வாங்கிக் கொடுத்தாராம். எனக்கு இனாமாகக் கிடைத்த நூலுக்கு அவர் விலை கொடுத்தார். நான் மறைத்ததற்கும் சேர்த்துக் கொடுத்தார்.

புள்ளியைத் திருத்திக் கொடுத்தேன். வகுப்பில் எல்லாருக்கும் பிழையை விளக்கினேன். என் வகுப்புக்கு விளக்கினேன். அந்நூலை வாங்கிய மற்ற வகுப்புகளுக்கு யார் விளக்குவது?

அன்று மாலையே நண்பரிடம் சென்று உள்ளதைச் சொன்னேன். அவர் மகிழ்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. கோபிப்பார் என எதிர்பார்த்தேன். கோபித்தார்தான். ஆயின் கோபத்தின் காரணம் வேறாயிருந்தது.

"போன மாதந்தான் இரண்டாம் பதிப்புக்குக் குடுத்தனான். அதிலையும் இதே பிழை வந்திட்டுது. அண்டைக்கே நீர் சொல்லியிருந்தா!"

நல்லதை மட்டும் சொல்லச் சொன்னவர் அவரே என்று நான் நினைவூட்டவில்லை. அவர் கேட்டது அவருடைய பலவீனம். நான் உடன்பட்டது என்னுடையது. நட்புக்காகக் காத்த மௌனத்தால் மாணவிக்குக் கேடு, நண்பருக்குக் கேடு, என் பெயருக்குக் கேடு. நன்மை அடைந்தவர் எவரும் இலர்.

மௌனத்துக்கு விலை

அன்றிலிருந்து இதனைப் பலகாலும் சிந்தித்திருக்கிறேன். மௌனம் எல்லாம் தீதன்று. இருபது வயது இளைஞர் ஒருவர் முதற் கவிதைத் தொகுதியை அனுப்புகிறார், தேறாதென்று காண்கிறேன். அதைப் பற்றி எழுதாமல் விட எனக்கு உரிமை உண்டு. பத்திரிகைகள் "வரப்பெற்றோம்" என்ற தலைப்பின் கீழ் நூற்பெயர், ஆசிரியர் பெயர், விலை என்பவற்றை மாத்திரம் வெளியிடும் வழக்கமும் நல்லதே. அங்கே புகழும் இல்லை, இகழும் இல்லை, யாரும் ஏமாறுவதில்லை.

ஆனால் நானாகக் காக்கும் மௌனம் வேறு. நூலைத் தந்தவர் நிபந்தனையாக விதிக்கும் மௌனம் வேறு. முன்னது அருள். பின்னது வியாபாரம். அதிலும், குறையை மறைத்து நிறையை மட்டும் எழுதுதல் மௌனமே அன்று. பாதி வாயால் பேசுவது. பத்து நூல்களைப் புகழ்ந்து, ஒன்றிலேனும் குறை காட்டாதவனின் பதினோராம் புகழுரையை யார் மதிப்பார்? நல்ல நூலை எழுதியவருக்கும் இதனால் நட்டமே. அவருக்குக் கிடைக்க வேண்டிய உண்மையான புகழும் மற்றப் புகழோடு ஒரே தட்டில் விழுந்துவிடும்.

இந்த நோய் தமிழருக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்கக் கவிஞர் வால்ட் விட்மன் 1855 இல் "புல்லின் இதழ்கள்" என்ற தம் தொகுதியை வெளியிட்டு, ஒரு பிரதியை அந்நாட்டின் பெரிய அறிஞரான எமர்சனுக்கு அனுப்பினார். எமர்சன் மனமுவந்து பாராட்டித் தனிப்பட்ட கடிதம் ஒன்று எழுதினார். விட்மன் அதை எமர்சனின் அனுமதி பெறாமலே பத்திரிகையில் வெளியிட்டார். 1856 இல் வந்த இரண்டாம் பதிப்பின் முதுகுப்புறத்தில் அக்கடிதத்தின் வாசகம் ஒன்றைப் பொன்னெழுத்திற் பொறித்தார். அதுவும் போதாதென்று தம் நூலுக்குத் தாமே பெயரில்லாமல் மதிப்புரைகளும் எழுதினார். பெருங்கவிஞர் என்பதில் ஐயமில்லை. அவரையும் ஆட்டிப்படைத்தது அந்த அச்சந்தான். "குறையைத் தனியே எழுதுங்கள்" என்று நம்மவர் கேட்கின்றனர். தனியே வந்த புகழையோ அவர் ஊரறியச் செய்தார். இரண்டும் ஒரே நாணயத்தின் இரு புறங்கள்.

இக்காலத்திற் கணினி வழியே நூல் விற்கும் பெருங்கடைகள் வந்துவிட்டன. வாசகரே மதிப்புரை எழுதி, நட்சத்திரக் குறியும் இடுகின்றனர். ஆகவே நூலை இனாமாகப் பலருக்கு அனுப்பி மதிப்புரை திரட்டுவது மேல்நாட்டில் ஒரு தொழில்முறையாகவே ஆகிவிட்டது. இதில் எங்கே கோடு கிழிப்பது என்று அவர்களும் ஆராய்ந்திருக்கின்றனர். அமேசான் நிறுவனம் எழுத்தாளர் இனாம் பிரதி கொடுப்பதை அனுமதிக்கின்றது. ஆயின் அதற்கு ஈடாக மதிப்புரை எழுதியே ஆகவேண்டுமென வற்புறுத்தலும், இன்னவாறு எழுதுகவெனத் தூண்டலும் கூடாதென்பது அதன் விதி. ஐக்கிய அமெரிக்காவின் கூட்டரசு வர்த்தக ஆணைக்குழு 2024 ஆம் ஆண்டில் வகுத்த விதி, புகழ்ந்தோ இகழ்ந்தோ எழுத வேண்டுமென்ற நிபந்தனையோடு பணமோ பொருளோ கொடுத்து மதிப்புரை பெறுவதைத் தடை செய்தது. கொடையைத் தடுக்கவில்லை, கொடையோடு கட்டிய கயிற்றைத்தான் அறுத்தார்கள். வியாபாரிகளை நோக்கி எழுந்த அவ்விதியின் நியாயம், ஏட்டுக்கல்வி நடத்தும் நமக்கும் பொருந்தும் என்றே கருதுகிறேன்.

குறை காட்டும் முறை

அப்படியானால் மதிப்புரை எழுதுபவன் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும்? என் அனுபவத்தில் கண்ட சிலவற்றைச் சொல்கிறேன்.

நூல் இனாமாக வந்ததாயின் அதை முதலிலே சொல்லிவிடுவது நன்று. எழுதியவர் மாணவராயினும் நண்பராயினும் அதையும் சொல்லலாம். படிப்பவர் அதற்கேற்ப நம் சொல்லை நிறுத்துக்கொள்வர். அச்சுப்பிழை, நிறுத்தக்குறிப் பிழை முதலிய சிறியவற்றைக் கடிதத்தில் எழுதி அனுப்பலாம். அவற்றை ஊரறியச் செய்வதால் யாருக்கும் பயனில்லை. கற்போரை வழிதவறச் செய்யும் பிழையை மட்டும் ஒளிக்கலாகாது. பாடநூல், உரைநூல், அகராதி, வரலாறு, பதிப்பு என்பவற்றில் வரும் பிழை எழுதியவரோடு நிற்பதில்லை. வகுப்பு வகுப்பாய்ப் பரவும். குறையைச் சொல்லும்போது பக்க எண்ணோடு, காரணத்தோடு சொல்ல வேண்டும். "நூல் சிறக்கவில்லை" என்பது குறை காட்டுதல் அன்று, அது முகஞ்சுளித்தல். நூலைப் பேச வேண்டும். நூலாசிரியரின் குலம், ஊர், கட்சி, பட்டம் என்பவை நமக்கு வேண்டா.

இவ்வாறு காட்டும் குறையால் பெரியோர் சிறியோர் ஆவதில்லை. சிறுப்பிட்டி தந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் 1885 இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தை நச்சினார்க்கினியர் உரையுடன் அச்சேற்றினார்கள். செல்லரித்த ஏடுகளிலிருந்து அதை அவர்கள் மீட்டிராவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணவே அச்சமாயிருக்கின்றது. அப்பதிப்பில் நச்சினார்க்கினியர் பெயரால் வந்த இறுதி இயல்களின் உரை உண்மையிற் பேராசிரியருடையது என்பதைப் பின்வந்த அறிஞர்கள் ஆராய்ந்து நிறுவினார்கள். அதனாற் பிள்ளையவர்களின் பெருமை அணுவளவும் குறைந்ததுண்டா? பேராசிரியருக்கு அவருடைய உரை திரும்பக் கிடைத்தது. தமிழுக்கு உண்மை கிடைத்தது. "இத்துணைப் பெரியவர் பதிப்பில் குறை சொல்லலாமா" என்று அவ்வறிஞர்கள் வாளாவிருந்திருந்தால், இன்றும் நாம் ஒருவர் உரையை மற்றொருவர் பெயராற் படித்துக்கொண்டிருப்போம்.

எழுத்தாளர்க்கும் ஒரு வார்த்தை. குறை வெளிவருமோ என்று அஞ்சினால், அச்சேற்றுமுன் நாலுபேரிடம் கையெழுத்துப் பிரதியைக் கொடுத்துக் கேளுங்கள். அப்பொழுது குறையைத் தனியே சொல்லும்படி வேண்டுவது முற்றும் முறையானது. அச்சேறிய பின், விலை போட்ட பின், நூல் உங்களுடையது மட்டும் அன்று. சந்தையில் மரக்கறி விற்று அதை வாங்கும் தகப்பனுக்கும் அதிற் பங்குண்டு.

நான் எழுதிய மறுமொழி

எட்டாம் நாள் என் மாணாக்கருக்கு மறுமொழி எழுதினேன்.

"தம்பி, நூல் கிடைத்தது. மிக மகிழ்ந்தேன். அதைப் பற்றிப் பத்திரிகையில் எழுத விரும்புகிறேன். எழுதினால் நிறையையும் எழுதுவேன். மாணவரைத் தவறான பொருளுக்குக் கொண்டுபோகும் இடங்கள் நான்கு உள்ளன, அவற்றையும் பக்க எண்ணோடு எழுதுவேன். அனுப்புமுன் அதன் பிரதி உமக்கு வரும். என் கருத்துப் பிழையானால் மறுத்து எழுதும். மறுப்பையும் சேர்த்தே அனுப்புவேன். இதற்கு உமக்கு மனமில்லையாயின் நான் எழுதாமலே விடுகிறேன். ஆனால் பாதியை மட்டும் எழுத என்னால் முடியாது. ஒருமுறை அப்படி எழுதி, ஒரு பிள்ளை முன்னிலையில் தலைகுனிந்தவன் நான். நூலின் விலையைக் காசுக்கட்டளையாக இத்துடன் அனுப்பியிருக்கிறேன். வாங்கிப் படித்தவன் என்ற நிலையில் நின்று பேசுவது எனக்கு இலகுவாயிருக்கும். கோபிக்க வேண்டாம். முதலேட்டில் நீர் எழுதிய வரிக்கு விலை இல்லை. அது என்னிடமே இருக்கட்டும்."

கடிதத்தைத் தபாலிற் சேர்த்த பின் மனம் அலைந்தது. நல்ல பிள்ளை, புண்பட்டிருப்பாரோ என்று நினைத்தேன். மூன்று நாள் சென்றன. நாலாம் நாள் இரவு தொலைபேசி மணி அடித்தது. அவர்தான். சுகம் விசாரித்தார். நானும் விசாரித்தேன். பின்பு இருபுறமும் சற்று நேரம் பேச்சில்லை.

"ஐயா," என்றார் கடைசியாக, "அந்த நாலு இடமும் எத்தனையாம் பக்கம்? பேனையோடைதான் இருக்கிறன்."

பக்க எண்களைச் சொன்னேன். முதலாவதற்கு உடன்பட்டார். இரண்டாவதற்கு அவர் வேறொரு பாடங் காட்டினார். பார்த்தால் அவர் பக்கமும் நியாயம் உண்டு. மூன்றாவதைப் பற்றி இன்னும் வாதிட்டுக்கொண்டிருக்கிறோம். மதிப்புரையை எழுதத் தொடங்கிவிட்டேன்.